பொருளுக்குக் காத்திராத பெரியார்

கருதிய கருமத்தைத் தொடங்குதற்குக் கையிற் பொருள் போதாதென்று நாளைக் கடத்துவது நம்மவரிடைப் பெருவழக்காக இருக்கின்றது. இவ்வாண்டு மரவள்ளிக்கு நல்ல விலை கிடைக்கட்டும், கிணறு வெட்டிய கடன் அடையட்டும், மூத்த பெண்ணின் கலியாணம் முடியட்டும், அப்பால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லாத இல்லம் நமது காளப்பநாயக்கன்பட்டியிலும் அதன் சுற்றுப்புறத்து ஊர்களிலும் மிக அரிது. மேற்படிப்பை விரும்பும் மாணவனும், ஒரு கைத்தொழிலைத் தொடங்க எண்ணும் இளைஞனும், சங்கீதம் பயில ஆசைப்படும் பெண்ணும் இச்சொல்லையே கேட்டு வளர்கின்றனர். இச்சொல் முற்றும் பிழையன்று. பொருளின்றி உலகியல் நடவாதென்பதை யாரும் மறுக்கார். ஆயினும், காத்திருக்கின்ற காலத்தில் சேர்வது எவ்வளவு என்று எண்ணுகின்ற நாம், அக்காலத்தில் அழிவது எவ்வளவு என்று எண்ணுவதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு எங்ஙனம் கணக்காகும்?

இக்கணக்கின் இரு பக்கங்களையும் தம் வாழ்க்கையால் நமக்கு எழுதிக் காட்டிய ஒரு பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றேன். அவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள். அவர் பெயரை அறியாத தமிழர் இலர். ஆனால், அவர் தமது பெருந்தொண்டைத் தொடங்கிய நாளில் அவர் கையில் என்ன இருந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அத்தொண்டின் தொடக்கத்திற் பழைய சேலம் ஜில்லாவுக்கும், அதன் பயனில் நமது கொல்லிமலைக்கும் பங்குண்டு என்பதும் நாம் மகிழ்ந்து அறியத்தக்கது.

இளமை

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19ஆம் நாள் பிறந்தார். சோழநாட்டில் உள்ள உத்தமதானபுரம் அவரது ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரஸ்வதி அம்மாள். தந்தையார் கனம் கிருஷ்ணையர் என்னும் பெரும் இசைப் புலவரிடம் பயின்றவர். இராமாயணக் கதையைப் பாடிப் பிரசங்கம் செய்து, அன்பர்கள் மனமுவந்து அளிப்பதைக் கொண்டு குடும்பம் நடத்தியவர். இத்தகைய வருவாய் ஒரு திங்கள் வரும்; மறு திங்கள் வாராது. குடும்பத்துக்குக் கடனும் இருந்தது.

மைந்தருக்கோ தமிழின்மீதே நாட்டம் சென்றது. அக்காலத்தில் இங்கிலீஷ் கற்றவனுக்கு உத்தியோகமும், சங்கீதம் கற்றவனுக்குச் சபைகளிற் சன்மானமும் கிடைக்கும். தமிழ் கற்றவனுக்கு இன்னது கிடைக்கும் என்று சொல்லுவார் இலர். தந்தையார் இதனை அறியாதவரல்லர். எனினும், பிள்ளையின் விருப்பத்தை அவர் தடுக்கவில்லை. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று தமிழறிந்தவர் இருக்கும் ஊர்களையே நாடிக் குடும்பத்தோடு சென்று தங்கினார். ஓரூரில் ஓராசிரியரிடம் இருப்பதைக் கற்று முடித்தபின் அடுத்த ஊர். இவ்வாறு, வறுமையை உடன் வைத்துக்கொண்டே கல்வி நடந்தது. வறுமை நீங்கிய பின் கல்வி என்று அத்தந்தையார் கருதியிருப்பாராயின், தமிழுக்கு ஒரு சாமிநாதையர் கிடைத்திரார்.

ஆசிரியரை அடைதல்

அந்நாளில் தமிழ்நாட்டிற் பெரும் புலவராக விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர் மாயூரத்தில் இருந்தார். 1871ஆம் ஆண்டில், பதினாறு பிராயத்தினரான தம் மகனைத் தந்தையார் அவரிடம் அழைத்துச் சென்றார். பிள்ளையவர்கள் மாணாக்கரிடம் பொருள் பெறாது கற்பித்த வள்ளல். ஆனால், அவரும் செல்வரல்லர். பெரும்புகழுக்கிடையிலும் கடன் தொல்லையை அறிந்தவர். ஆகவே மாணாக்கரின் உணவுக்கு வழி தேடும் பொறுப்புத் தந்தையார்மேல் நின்றது. அதற்கு அவரிடம் நிலையான வழி ஒன்றும் இல்லை. இருந்தும் மகனை அங்கே விட்டார்.

வேங்கடராமன் என்று பெற்றோர் இட்ட பெயர் பின்தங்கிச் சாமிநாதன் என்னும் பெயர் நிலைத்தது அவ்வாசிரியரிடத்திலேதான். மாயூரத்தில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இளைஞர் சங்கீதமும் சில நாள் பயின்றார். இரண்டிலும் மனம் செல்வது தமிழ்ப் பயிற்சிக்கு இடையூறாகும் என்று ஆசிரியர் கருதியதை அறிந்தவுடன், சங்கீதப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். வயிறு வளர்க்கத் துணையாகும் கலையை விட்டு, மனம் விரும்பிய கலையைப் பற்றிக்கொண்ட செயல் இது.

பிள்ளையவர்கள் 1876ஆம் ஆண்டில் காலமானார்கள். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் ஐயரவர்களை ஆதரித்தார். மடத்திலிருந்து பாடஞ் சொல்லி வந்த அவரை, 1880ஆம் ஆண்டில் வித்துவான் தியாகராச செட்டியார் தாம் வகித்து வந்த கும்பகோணம் காலேஜ் தமிழாசிரியர் பதவியில் அமர்வித்தார். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். அதனைக் கொண்டு பெற்றோரையும் மனைவி மக்களையும் காக்க வேண்டும். பிறர் பார்வையில், ஓர் ஏழைக் குடும்பம் கரையேறிய நேரம் அது. இனிச் சிறிது சேமித்து, நிலம் வாங்கி, அமைதியாக வாழலாம் என்று நினைத்திருந்தால் அவரைக் குறைகூறுவார் இலர்.

சேலம் இராமசாமி முதலியார்

அவ்வாண்டு அக்டோபர் மாதம் 21ஆம் நாள், ஐயரவர்கள் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். முதலியார், என்னென்ன நூல்கள் கற்றிருக்கின்றீர்கள் என்று வினவினார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், தலபுராணங்கள் யாவற்றையும் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் அவற்றிற் சிறிதும் வியப்படையாமல், இவற்றுக்கு மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர்களையும் சொன்னார். பெரும் புலவரின் முதன்மாணாக்கராகிய ஐயரவர்கள் அந்நூல்களைப் படித்ததில்லை. அவை அக்காலத்தில் முழுதும் அச்சில் இல்லை, ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்தன.

வேறொருவராயின் மனம் புண்பட்டுத் திரும்பியிருப்பர். ஐயரவர்களோ முதலியாரிடமிருந்தே சீவகசிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைப் பெற்று, அவருடனேயே இருந்து படிக்கத் தொடங்கினார். திருவாவடுதுறை மடத்து ஏட்டுச் சுவடிகளையும் வருவித்தார். அஃது ஒரு ஜைன காவியமாதலின், அச்சமயக் கருத்துக்கள் விளங்காத இடங்களிற் கும்பகோணத்தில் வாழ்ந்த ஜைன அன்பர்களின் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்தார். நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை என்று ஆராய்ந்து குறித்துவந்தார். பிரதிக்குப் பிரதி பாடம் வேறுபட்டது; ஒவ்வொன்றையும் ஒப்புநோக்கினார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். சிந்தாமணியைக் கையிலெடுத்தது 1880. அது நூலாக வெளிவந்தது 1887. இடைப்பட்ட ஏழாண்டுகளில் அச்சு வேலை தொடங்கியது 1886இல்தான். முந்திய ஆண்டுகளெல்லாம் படித்தல், பிரதி தேடுதல், படியெடுத்தல், ஒப்புநோக்குதல், கேட்டறிதல் ஆகியவற்றிற் கழிந்தன. இவற்றுக்கு வேண்டியவை கண்ணும் கையும் காலும் பொறுமையுமே, பெரும்பொருளன்று. அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் பணம் ஏது என்று முதல்நாளே கணக்கிட்டு அவர் அமர்ந்திருந்தால், பணம் வேண்டாத அந்த ஆறாண்டு வேலையும் நடந்திராது. ஒரு பெருங்கருமத்தின் முற்பகுதி பெரும்பாலும் உழைப்பால் ஆவது. பொருள் வேண்டுவது பிற்பகுதிக்கே. நாமோ பிற்பகுதியின் செலவை எண்ணி அஞ்சி, முற்பகுதியையும் தொடாமல் இருக்கின்றோம்.

அச்சேறிய வகை

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் அக்காலத்துப் பெரும் பதிப்பாசிரியர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். பதிப்புத் தொழிலிற் பழக்கமும் வசதியும் உடையவர். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கும் எண்ணத்துடன் ஐயரவர்களின் பிரதிகளைத் தருமாறு அவர் கேட்டதுண்டு. ஐம்பது ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அது தக்கதொரு வெளிவழி. கொடுத்துவிட்டால் கடனும் இல்லை, கவலையும் இல்லை. ஆயினும், பல்லாண்டு உழைத்த உழைப்பைத் தாமே நிறைவேற்றுவதென்று ஐயரவர்கள் துணிந்தார். தாமோதரம் பிள்ளையவர்களும் 1887இல் கலித்தொகையை வெளியிட்டுத் தமிழுக்கு அழியாத் தொண்டு செய்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

துணிந்தபின் பொருளுக்கு என்ன செய்தார்? தமிழன்பர்களிடம் கையொப்பம் பெற்றார். நூல் வெளிவந்தால் இத்தனை பிரதி வாங்கிக்கொள்வோம் என்று முன்கூட்டி எழுதி வாங்குதலையே அக்காலத்தார் கையொப்பம் என்பர். இன்று நாம் முன்பதிவு என்கின்றோம். அப்போது இராமசாமி முதலியார் சென்னையில் இருந்தார். அவர் தம் நண்பர்களிடம் எடுத்துரைத்து உதவினார். கையொப்பமிட்ட அனைவரும் உடனே பணம் அனுப்பவில்லை. காகிதக் கடனும் அச்சுக்கூலியும் காத்திருக்கவில்லை. கும்பகோணத்தில் வகுப்பு, சென்னையில் அச்சு. விடுமுறை வந்தால் சென்னைக்குப் பயணம்; விடுமுறை முடிந்தால் தபாலில் வரும் அச்சுத்தாள்களைத் திருத்துதல். பகலில் பாடஞ் சொல்லிய களைப்போடு இரவில் விளக்கின்முன் அமர்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தார். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு.

அவர் வேலையை விட்டுவிட்டு இக்கருமத்தில் இறங்கவில்லை என்பதை இளைஞர்கள் நன்கு மனங்கொள்ள வேண்டும். குடும்பத்தைக் காக்கும் சம்பளத்தைக் காத்துக்கொண்டே, எஞ்சிய பொழுது முழுவதையும் கனவுக்குக் கொடுத்தார். இன்றே தொடங்குதல் வேறு. இன்றே எல்லாவற்றையும் துறத்தல் வேறு.

காத்திருந்தால் இழந்திருப்பவை

சிந்தாமணி வெளிவந்த மறு ஆண்டாகிய 1888இல் சுப்பிரமணிய தேசிகர் காலமானார். தியாகராச செட்டியாரும் அவ்வாண்டிலேயே மறைந்தார். ஒருவர் சோறும் ஏடும் தந்தவர். மற்றவர் உத்தியோகம் தந்தவர். பொருள் சேரட்டும் என்று ஈராண்டு தாழ்த்திருந்தால், அவ்விருவர் கையிலும் அந்நூலைக் கொடுக்கும் பேறு அவருக்கு வாய்த்திராது. முதற்கேள்வி கேட்ட இராமசாமி முதலியாரும் 1892ஆம் ஆண்டில் உலக வாழ்வை நீத்தார். அவர் பெயர் சொல்லிய மூன்று நூல்களுள் சிலப்பதிகாரம் அவ்வாண்டிலும், மணிமேகலை 1898ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மூன்றும் முடிந்ததைக் காண முதலியார் இல்லை. நாம் ஒன்றைச் செய்து முடிக்கும்போது கண்டு மகிழ வேண்டியவர்கள் நம் வசதிக்காகக் காத்திரார்.

மனிதரைப் போலவே ஏடுகளும் காத்திரா. சுவடி தேடி ஐயரவர்கள் நாடெங்கும் அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலிருந்த பழைய ஏடுகள் சாத்திரப்படி நெய் தோய்த்து நெருப்பில் இடப்பட்டன என்னும் செய்தியைக் கேட்டு நெஞ்சம் பதைத்தார். வேறோரிடத்தில் ஆடிப் பதினெட்டிற் பழஞ்சுவடிகள் வெள்ளத்தில் விடப்பட்டன என்று கேட்டார். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் சுவடியைத் தம் ஆசிரியர் காலத்தில் திருவாவடுதுறை மடத்து நூல்நிலையத்தில் அவர் கண்டதுண்டு. பின்னர்த் தேடியபோது அது கிடைக்கவில்லை. இன்று நமக்கு எஞ்சியவை உரைகளிலும் தொகை நூலிலும் அகப்பட்ட சில பாடல்களே. எத்தனை கோடி பொருள் கொடுத்தாலும் அந்த நூல் மீளுமா? செல்வம் போனால் மீண்டும் வரும். செல் அரித்த ஏடு வாராது.

கொல்லிமலைக்குக் கிடைத்த பயன்

ஐயரவர்கள் 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும், 1903இல் ஐங்குறுநூற்றையும், 1904இல் பதிற்றுப்பத்தையும் வெளியிட்டார். சென்னை மாநிலக் கல்லூரிக்கு அவர் மாற்றப்பெற்றது 1903ஆம் ஆண்டிலேயே. மகாமகோபாத்தியாயப் பட்டம் 1906இலும், சென்னைச் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டம் 1932இலும் அவரை வந்தடைந்தன. ஆகவே, சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகிய ஐந்தும் அவர் கும்பகோணத்துத் தமிழாசிரியராக இருந்த நாளிலேயே வெளிவந்துவிட்டன. புகழும் பட்டமும் வேலைக்குப் பின்னால் வந்தன, முன்னால் வரவில்லை.

நம் ஊரிலிருந்து காரவள்ளி வழியாக மலையேறிச் செம்மேட்டை அடைந்தால், அங்கே வல்வில் ஓரியின் சிலையைக் காண்கின்றோம். ஆடி மாதத்தில் அவன் பெயரால் விழா எடுக்கின்றோம். நம் குழந்தைகள் கடையெழு வள்ளல்களின் வரிசையில் அவன் பெயரை ஒப்பிக்கின்றனர். அவ்வோரியைப் பாடிய வன்பரணர் முதலியோரின் பாட்டுக்கள் புறநானூற்றில் உள்ளன. வள்ளல்களுள் ஒருவனாக அவனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படை பத்துப்பாட்டில் உள்ளது. ஓலையில் மறைந்துகிடந்த அவன் புகழ் அச்சேறி எல்லார் கைக்கும் எட்டியது, ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலையைத் தொடங்கிய ஓர் ஆசிரியரின் துணிவால் என்பதை மலையேறும்போதேனும் நினைத்தல் நம் கடன். அவரைத் தூண்டியவர் சேலத்துப் பெரியார் ஒருவர் என்பதை, 1997ஆம் ஆண்டில் நாமக்கல் தனி மாவட்டமாகும்வரை அந்தச் சேலத்தோடு இணைந்திருந்த நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. 1919இல் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1924முதல் 1927வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக இருந்தார். தம் ஆசிரியர் சரித்திரத்தை விரிவாக எழுதினார். குறுந்தொகையை உரையுடன் வெளியிட்டது 1937இல். அப்போது வயது எண்பத்திரண்டு. தம் சொந்தச் சரித்திரத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் பின்னே வைத்தார். அது 1940ஆம் ஆண்டுமுதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானபோது, அச்சரித்திரம் மணிமேகலைப் பதிப்புக் காலத்தை ஒட்டி நின்றுவிட்டது. பிந்திய நாற்பதாண்டு வாழ்க்கையை அவர் கையால் எழுதிப் படிக்கும் பேறு நமக்கில்லை. ஒரு நாளையும் வீணாக்காத அவருக்கே நாள் போதவில்லையென்றால், நாளைக் கடத்துகின்ற நம் நிலை யாது?

நாம் கொள்ளத்தக்கது

அவருக்கு மடத்தின் ஆதரவும் முன்சீபின் நட்பும் இருந்தன, நமக்கு யார் இருக்கின்றார் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நேர்மையானதே. ஆயினும், அவ்வாதரவு வந்த முறையைப் பாருங்கள். தமிழைக் கற்றுக்கொண்டிருந்தமையால் மடம் ஆதரித்தது. சிந்தாமணியை இரவும் பகலும் படித்துக்கொண்டிருந்தமையால் முதலியார் உதவினார். வேலை நடப்பதைக் கண்டபின்னரே உதுவோர் கை நீளும். எண்ணத்தை மட்டும் வைத்திருப்பவனுக்கு உதவ எவராலும் இயலாது.

நிலத்தை விற்று ஆசையில் முதலிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் கருமத்திற் பணம் வேண்டாத பகுதி எது என்று பிரித்தறிந்து, அதனை இம்மாதமே தொடங்குங்கள் என்கின்றேன். தறியோ தையலோ கற்க விரும்பும் பெண், இயந்திரம் வாங்கும்வரை காத்திராமல், அறிந்த ஒருவரிடம் மாலையில் ஒரு நாழிகை சென்று கைப்பழக்கம் பெறலாம். மேற்படிப்பை விரும்பும் மாணவன், கட்டணம் சேரும்வரை புத்தகத்தை மூடிவையாமல், நாமக்கல் நூலகத்திலோ பள்ளி நூலகத்திலோ அப்பாடத்தைப் படிக்கத் தொடங்கலாம். உபகாரச் சம்பளத்துக்கு மனுச் செய்பவனிடம் முதலிற் கேட்கப்படுவது அவன் படிப்பே.

யாவர்க்கும் பொதுவான கருமம் ஒன்றும் உண்டு. நம் இல்லங்களில் எண்பதைக் கடந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் இருக்கின்றனர். நடவுப் பாட்டும், பச்சிலை வைத்தியமும், மலையிலிருந்து பொதி இறக்கிய நாட்களின் கதையும், குடும்பத்தின் பழைய வரலாறும் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. அவர்களே நம் இல்லத்து ஏட்டுச் சுவடிகள். என்றாவது ஒருநாள் வசதி வந்தபின் புத்தகமாகப் போடலாம் என்று பல பிள்ளைகள் எண்ணியிருக்கின்றனர். புத்தகம் பின்னர் ஆகட்டும். ஒரு நாற்பது பக்கக் குறிப்புப் புத்தகமும் எழுதுகோலும், அல்லது எல்லார் கையிலும் உள்ள கைப்பேசியும் இன்றைக்குப் போதும். இவ்வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்கள் அருகில் அமர்ந்து, முதற்கேள்வியைக் கேளுங்கள். விடையை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள். வளையாபதி போனது போதும்.